சுவரோரச் சட்டம்

பேர்ன் ஆஸ்பத்திரி. நிலத்துக்குக் கீழே இரண்டாம் தளம்.
ஜன்னல் இல்லை.
திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி,
மடியில் படிவம், குடிக்காத தண்ணீர்.
கழற்றியதை நான் பார்க்கக் கூடாது.
கழற்றச் சொன்னதைச் சொல்லலாம்.

அருளப்பு, அறுபத்திரண்டு வயது.
இதயத்தில் ஒரு கதவு சரியாகச் சாத்துவதில்லை.
நெஞ்சை நடுவே பிளக்காமல்
விலாவோரம் சின்ன வெட்டால் நுழைந்து
தைக்கப் போகிறார்கள், செவ்வாய்க்கிழமை.
அதுவரைக்கும் இரத்தம் வெளியே போய்
ஒரு யந்திரத்தில் மூச்செடுத்துத் திரும்பிவர
வேறொரு வாசல் வேண்டும்.
இன்றைக்கு வாசலை அளக்கிறார்கள்.

"இனி லைஸ்டயைப் பார்க்கிறேன்" என்றார் திருமதி ஏஷ்லிமன்.

என் நாக்கு நின்றது.
பதினான்கு வருடம் இந்த வேலை.
கல்லீரலுக்கு, கருப்பைக்கு, விவாகரத்துக்கு,
நாடுகடத்தலுக்குக்கூடச் சொல் இருக்கிறது என்னிடம்.
தொடையும் வயிறும் கூடும் இந்த மடிப்புக்கு
இருப்பதெல்லாம் ஒன்றில் வசவு,
இல்லையென்றால் புத்தகம்.
கவடு, அது மரத்துக்குப் பொருந்தும்.
அரை என்றால் பாதியா என்று கேட்பார்.
"காலின்ரை... மேல்..." என்று இழுத்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல்:
"பிள்ளை, லைஸ்ட எனக்குத் தெரியும்.
லாங்கன்தாலில இருபத்தாறு வருசம் மரவேலை.
எத்தினை வீட்டுக்கு லைஸ்ட அடிச்சிருப்பன்!
சுவரும் தரையும் சேருற இடத்தில
வெடிப்புத் தெரியாமல் ஓடுற சட்டம்.
வயர் எல்லாம் அதுக்குப் பின்னாலதானே போகும்."

அவர் நான் என்றால் நானும் நான் என்றே சொல்ல வேண்டும்,
விதி அது.
ஆகவே ஜேர்மனில் சொன்னேன்:
இருபத்தாறு வருடம் நான் லைஸ்ட அடித்தேன்.
திருமதி ஏஷ்லிமன் சிரித்தார்.
"வயரைத்தான் நானும் தேடுகிறேன்."

பிறகு சத்தம் திறந்தது.
விசுக், விசுக், விசுக்,
ஈர ரோட்டில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக.
அந்த நேரத்துக்கும் எனக்குக் காசு உண்டு.

வலது, ஏழு தசம் நாலு மில்லிமீட்டர்.
ஆனால் பின்சுவரில் சுண்ணாம்பு.
"சுண்ணாம்போ? வெத்திலையை விட்டு
முப்பது வருசமெல்லோ!"
அதையும் சொன்னேன். வெற்றிலையை விளக்கவே
மூன்று வாக்கியம் போயிற்று.

இடது, எட்டு. நேர். சுவர் வழுவழுப்பு.
பக்கத்து நாளம் அமுக்க மூடி, விடத் திறக்கிறதாம்.
கட்டி இல்லை.

"எட்டுக்குள்ள எத்தினை மில்லிக் குழாய் விடுவினம்?"
ஆறு தசம் மூன்று.
"அப்ப காத்து இருக்கு. மரம் வெடிக்காது."

கொஞ்ச நேரம் கழித்து, மெல்ல:
"இதைச் சொல்லாதேங்கோ பிள்ளை, சும்மா கேக்கிறன்.
யந்திரம் ஓடேக்குள்ள
நான் எங்க இருப்பன்?"

அறையில் சொன்னது எதுவும் விடுபடக் கூடாது.
தண்ணீரைக் குடித்தேன். கேட்டேன்:
அந்த நேரம் நான் எங்கே இருப்பேன்?
விசைப்பலகை தட்டும் ஒலி.
"ஐந்தாம் மாடி, அறை நான்கு. காலை ஏழே முக்கால்."

சொன்னேன்.
"ஓ," என்றார். "சரி."

கடதாசியால் ஜெல்லைத் துடைக்கும் சத்தம்.
குளிருது என்றார், யாருக்குமில்லாமல்.
எனக்குக் குளிர்கிறது என்றேன் ஜேர்மனில்.
போர்வை ஒன்று விரியும் சத்தமும் கேட்டது.

படிவத்தில் ஐம்பது நிமிடம், கையெழுத்து.
லிஃப்டுக்குப் போகையில் பெல்ட்டை இறுக்கியபடி நின்றார்.
ஓடையின் மூலையில் சுவரோரச் சட்டம்
ஒரு நூலளவு விலகி நின்றது.
சப்பாத்து நுனியால் அமத்தினார்.
விட்டதும் திரும்ப வந்தது.
"ஆணி காணாது," என்றார்.